பாயிண்ட் முப்பத்திரண்டு: துளையின் விட்டத்தைச் சட்டம் முடிவு செய்த கதை

தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள எந்த காலிபர் நல்லது என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். அமெரிக்கர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 9 எம்எம் ஒரு கட்சி, .45 இன்னொரு கட்சி, நடுவில் .40 என்று ஒரு கூட்டணிக் கட்சி. நம்ம ஊர் எம்ஜிஆர் - சிவாஜி சண்டை மாதிரிதான், முடிவே கிடையாது.

இந்தியாவில் அந்தச் சண்டைக்கு இடமே இல்லை. இங்கே சாதாரணக் குடிமகனுக்குப் பதில் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: .32. ஏன் .32 என்று தோண்டிப் பார்த்தால் குண்டு எவ்வளவு ஆழம் போகும், எதிராளி விழுவானா என்ற கணக்கெல்லாம் காரணமாக வராது. ராணுவம் எந்தத் தோட்டா வைத்திருந்தது என்பதுதான் காரணம்.

இதைத் தோண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. காரைக்குடியில் அடகுக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சில மாதங்களுக்கு முன் கேட்டார்: "தம்பி, கலெக்டர் ஆபீஸ்ல லைசென்ஸுக்கு எழுதிப் போடலாம்னு இருக்கேன். 9 எம்எம் வாங்கவா, .38 வாங்கவா? நீங்கதான் நெட்ல எல்லாத்தையும் நோண்டுவீங்களே." ராத்திரி ஒன்பது மணிக்குச் சாவிக்கொத்தோடு தனியாக ஸ்கூட்டரில் வீடு திரும்புகிறவர். குடியிருப்பது ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கதவும் உள்ள பழைய வீடு. அக்கம்பக்கத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். உள்ளே வயசான அப்பா, அம்மா. அவர் பயம் கற்பனை இல்லை.

அவர் சொன்ன இரண்டும் கிடைக்காது. அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

காலிபர் என்றால் குழலின் உள்விட்டம், அவ்வளவுதான். .32 என்பது அங்குலக் கணக்கு, ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். உண்மையில் குண்டின் விட்டம் .312 அங்குலம், அதாவது 7.9 மி.மீ. கான்பூர் துப்பாக்கியில் 7.65 என்று போட்டிருப்பார்கள். குழலுக்குள் இருக்கும் வரிகளின் மேட்டிலிருந்து மேட்டுக்கு அளந்தால் அந்த எண் வரும். எங்கே அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும், பொருள் ஒன்றுதான். சாஃப்ட்வேர்க்காரனான எனக்கு இது பழக்கம், ஒரே வேரியபிளுக்கு மூன்று பெயர்.

இப்போது சட்டம். 1959-ம் வருஷ ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகளில் ஓர் அட்டவணை இருக்கிறது. 2016-ல் விதிகளைப் புதிதாக எழுதியபோதும் அந்தப் பட்டியல் அப்படியே வந்து சேர்ந்தது. ரிவால்வராக இருந்தாலும் பிஸ்டலாக இருந்தாலும், .380 அல்லது .455 விளிம்புத் தோட்டாவையோ, ராணுவ 9 எம்எம் அல்லது .45 விளிம்பில்லாத் தோட்டாவையோ போட்டுச் சுட முடிந்தால் அது கட்டுப்படுத்தப்பட்ட ஆயுதம். பேச்சு வழக்கில் 'பி.பி.', அதாவது தடை செய்யப்பட்ட போர். அது கலெக்டர் கையில் இல்லை. மத்திய உள்துறை வரைக்கும் போகும் விஷயம், தீவிரவாத அச்சுறுத்தல் போன்ற காரணம் இருந்தால்தான் பேச்சே. நம் மாதிரி ஆட்கள் விண்ணப்பிப்பது 'என்.பி.பி.', தடை இல்லாத போர்.

அந்த நான்கு எண்களையும் ஒரு தடவை பாருங்கள். .455 முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் வைத்திருந்த வெப்லி. .380 என்பது அதற்கு அப்புறம் வந்த என்ஃபீல்டு, வெப்லி ரிவால்வர்களின் தோட்டா. (பிஸ்டலுக்கான .380 ஏசிபி வேறு. பெயர் ஒத்துப்போவதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.) 9 எம்எம் ஸ்டென் கன் காலத்திலிருந்து இன்றுவரை படைகளில் இருப்பது. .45 அமெரிக்க ராணுவத்துடையது. நான்கும் படைகளின் சரக்கு. ராணுவக் கிடங்கிலிருந்தோ போலீஸ் ஸ்டேஷனிலிருந்தோ தோட்டா திருடு போனால், அதைப் போட்டுச் சுட வெளியில் துப்பாக்கியே இருக்கக்கூடாது. இதுதான் தர்க்கம். துப்பாக்கியின் பலத்தைப் பார்த்துப் போட்ட கோடு இல்லை இது. சப்ளை செயினைப் பார்த்துப் போட்ட கோடு.

இந்த யோசனை வெள்ளைக்காரனுடையது. நம் சிவகங்கைச் சீமைக்காரர்களுக்கு ஆயுதப் பறிப்பு என்பது புத்தகத்தில் படித்த செய்தி மட்டுமில்லை. 1801 ஜூனில் சின்ன மருது திருச்சியில் அறிக்கை ஒட்டினார். அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கில் போட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், பாளையக்காரர்களும் அவர்கள் ஆட்களும் ஆயுதம் வைத்திருப்பதற்கு முடிவு கட்டியது. வளரி வீசிய ஊரில் வளரி அருங்காட்சியகப் பொருள் ஆனது அதற்கு அப்புறம்தான். அகில இந்திய அளவில் லிட்டன் பிரபு 1878-ல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியன் லைசென்ஸ் எடுக்க வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. (நாட்டுமொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு போட்ட சட்டமும் அதே லிட்டன், அதே வருஷம்.) குடகர்களுக்கு அன்று கொடுத்த விலக்கு மட்டும் இன்றுவரை தொடர்கிறது, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள்.

வெள்ளைக்காரனுக்கு விலக்கு இருந்தாலும் தோட்டா விஷயத்தில் அவனையும் கட்டிப்போட்டார்கள். அது சுவாரஸ்யமான கதை. மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய ராணுவ ரைஃபிள் .450 குண்டு சுடுவது. அவற்றில் பல கிளர்ச்சிக்காரர்கள் கையில் இருந்தன. அதனால் 1900-களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் சூடானிலும் .450 தோட்டாக்களைத் தடுத்தார்கள். யானை, புலி வேட்டைக்கு வந்த துரைமார்கள் என்ன செய்வார்கள்? லண்டன் துப்பாக்கிக் கடைகள் உடனே .470, .465 என்று கொஞ்சம் தள்ளி வைத்துப் புதுத் தோட்டாக்கள் செய்தன. ஆப்பிரிக்க வேட்டையில் இன்றும் பேர் போன .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் பிறந்தது இப்படித்தான். இந்தியச் சட்டத்தின் ஒரு வரியைத் தாண்டிக்குதிக்க ஒரு தோட்டாவே பிறந்தது.

நம் .32 ரிவால்வரும் அதே ஜாதி. கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வெப்லி மார்க் 4-ன் வாரிசு. அந்த வெப்லி .380 தோட்டாவுக்குச் செய்த ராணுவ ரிவால்வர். அதே உடம்பு, அதே நடுவில் மடங்கும் அமைப்பு, துளையை மட்டும் சின்னதாக்கி என்.பி.பி. ஆக்கினார்கள். இப்போது உத்தரப் பிரதேசத்தில் ஹர்தோய் பக்கம் சண்டீலாவில் வெப்லி பெயரிலேயே .32 ரிவால்வர் தயாராகிறது. சுற்றி வளைத்து ஊருக்கே வந்துவிட்டது.

விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்ன செய்யும்? லைசென்ஸ் இல்லாமல் சாதாரண வகைத் துப்பாக்கி பிடிபட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 வருஷம் சிறை. தடை செய்யப்பட்ட வகை என்றால் 7 முதல் 14 வருஷம். அண்ணனிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான்: யாராவது "9 எம்எம் இருக்கு, மலிவா முடிச்சுத் தரேன்" என்று வந்தால் டீ கூட வாங்கிக் கொடுக்காமல் அனுப்பிவிடுங்கள்.

சரி, .32 உண்மையிலேயே போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரிவால்வரில் போடும் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் குண்டு 6.35 கிராம், வேகம் விநாடிக்குச் சுமார் 215 மீட்டர். பாதி நிறை, பெருக்கல் வேகத்தின் வர்க்கம்: ஏறக்குறைய 147 ஜூல். பிஸ்டலில் போடும் .32 ஏசிபி குண்டு 4.6 கிராம், 275 மீட்டர், 174 ஜூல். 9 எம்எம் 7.45 கிராம், 360 மீட்டர், 483 ஜூல். .45 மெதுவானது, கனமானது, 14.9 கிராம், 255 மீட்டர், அதுவும் 484 ஜூல். .32 மற்ற இரண்டில் மூன்றில் ஒரு பங்குதான். ஜூலை மட்டும் பார்த்தால் கதை முடிந்தது.

ஆனால் ஜூலை மட்டும் பார்க்கக்கூடாது என்று அமெரிக்கர்கள் ரத்தம் சிந்திக் கற்றுக்கொண்டார்கள். 1986 ஏப்ரல் 11, மயாமி. எஃப்.பி.ஐ. ஆட்கள் எட்டுப் பேர், கொள்ளைக்காரர்கள் இரண்டு பேர். சண்டை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு கொள்ளைக்காரன் உடம்பில் 9 எம்எம் குண்டு பாய்ந்தது. கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போய் இதயத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. அந்த ஆள் அதற்கு அப்புறமும் சுட்டு, இரண்டு ஏஜென்ட்டுகள் செத்தார்கள். எஃப்.பி.ஐ. பழியை 9 எம்எம் மீது போட்டு 10 எம்எம்முக்கும், பிறகு .40-க்கும் போனது. முப்பது வருஷம் கழித்துத் திரும்ப 9 எம்எம்முக்கே வந்தது. இந்தச் சுற்றில் மிஞ்சிய உருப்படியான விஷயம் ஓர் அளவுகோல்: பத்து சதவீத ஜெலட்டின் கட்டியில் குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும். கைத்துப்பாக்கி வேகத்தில் குண்டு தொட்ட இடம்தான் சேதம், சுற்றியுள்ள அதிர்வு பெரிதாக ஒன்றும் செய்வதில்லை என்பது அவர்கள் எட்டிய முடிவு. எங்கே பட்டது, எவ்வளவு ஆழம் போனது, இவை இரண்டும்தான் கேள்வி.

இந்த அளவுகோலில் .32 தோற்பதில்லை. உருண்டை முனை, முழு உறை போட்ட .32 குண்டு 12 அங்குலத்தைத் தாண்டும். நம் ஊரில் பொதுவாகக் கிடைப்பதும் உருண்டை முனைத் தோட்டாதான். விரியும் முனை கிடைக்கவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம், இவ்வளவு குறைந்த சக்தியில் விரிந்தால் ஆழம் போகாது. 1896-ல் நியூயார்க் போலீஸ் கமிஷனராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் தன் படைக்குத் தேர்ந்தெடுத்தது .32 கோல்ட் ரிவால்வர். ஐரோப்பியப் போலீஸ்கள் பல பத்தாண்டுகள் .32 ஏசிபி பிஸ்டலோடுதான் ரோந்து போனார்கள். அதற்காக அது 9 எம்எம்முக்குச் சமம் என்று சொல்ல வரவில்லை. கேலிக்குரியதும் இல்லை என்கிறேன்.

அதோடு .32-க்கு ஒரு நல்ல குணம் உண்டு, கையை உதைக்காது. உந்தம் என்று பள்ளியில் படித்தது இங்கே உதவும். .32 லாங் குண்டின் உந்தம் 1.37, 9 எம்எம்மினுடையது 2.68. இரண்டையும் 700 கிராம் துப்பாக்கியிலிருந்து சுட்டால் (வெடிமருந்து வாயுவை விட்டுவிடுங்கள்) பின்னுதைப்பு முதலாவதில் 1.3 ஜூல், இரண்டாவதில் 5.1 ஜூல். ஏறக்குறைய நாலு மடங்கு. வருஷத்துக்கு ஒரு தடவை சுட்டுப் பார்க்கிற ஐம்பது வயசுக்காரருக்கு இந்த வித்தியாசம் எந்த ஜூல் கணக்கையும் விடப் பெரிது. உதைக்காத துப்பாக்கியை மனிதன் பயப்படாமல் சுடுவான். ஒலிம்பிக் பாணி சென்டர்ஃபயர் பிஸ்டல் போட்டிகளில் நிறையப் பேர் தேர்ந்தெடுப்பது இதே .32 லாங் தோட்டாவைத்தான் என்பது இந்த இடத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது.

ஏனென்றால் படாத குண்டுக்கு காலிபரே கிடையாது. 1998 முதல் 2006 வரை நியூயார்க் போலீஸ் சுட்டதை ராண்ட் நிறுவனம் ஆராய்ந்தது. எதிராளியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் போலீஸ் சுட்டது பட்ட விகிதம் 18 சதவீதம். பயிற்சி எடுத்தவர்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு சுடுகிறவர்கள், நூற்றுக்கு எண்பத்திரண்டு வேறு எங்கோ போனது. காரைக்குடியின் நெரிசலான தெருவில் அந்த எண்பத்திரண்டு எங்கே போகும் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. லைசென்ஸுக்கு 2016 விதிப்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் தேவை. ஆனால் ஒரு தடவை சான்றிதழ் வாங்குவது வேறு, கை பழகுவது வேறு. இங்கிருந்து மதுரை ரைஃபிள் கிளப் போய்வர ஒரு நாள் ஆகும். லைசென்ஸிலேயே எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று எழுதியிருக்கும். அந்த எண்ணிக்கைக்குள்தான் பயிற்சியும்.

ஆகவே தேர்வு என்று மிஞ்சுவது .32-க்குள்தான். இரண்டு .32 இருக்கிறது, குழம்பக்கூடாது. ரிவால்வர் லாங், பிஸ்டல் ஏசிபி. ஏசிபி தோட்டா சில ரிவால்வர்களின் அறைக்குள் நுழையும், அதனால் போட்டுச் சுட்டு வைக்காதீர்கள். அதன் அழுத்தம் அதிகம், துப்பாக்கி அதற்குச் செய்ததில்லை. இஷாப்பூரின் அஷானி பிஸ்டல் தட்டையாக இருக்கும், இடுப்பில் உறுத்தாது. ஆனால் மாதக் கணக்கில் தொடாமல் கிடக்கப் போகும் ஆயுதத்துக்கு நான் ரிவால்வரைத்தான் சொல்வேன். ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வரும். பிஸ்டலில் அந்த நேரத்தில் ஸ்லைடை இழுத்துச் சரிசெய்ய வேண்டும், அதற்குப் பழக்கம் வேண்டும்.

ரிவால்வரிலும் விளம்பரத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. 2014-ல் கான்பூர் ஃபீல்டு கன் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று பெண்களுக்கென்றே ஒரு .32 கொண்டுவந்தது. டைட்டானியம் கலவை, 500 கிராம், விலை அப்போதே 1,22,360 ரூபாய். டெல்லிச் சம்பவத்தின் நிழலில் வைத்த பெயர். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுக்கக்கூடிய, லைசென்ஸும் கிடைக்கக்கூடிய பெண்கள் ராத்திரி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்களா என்று அப்போதே பலர் கேட்டார்கள், நியாயமான கேள்வி. எடை குறைந்தால் சுமக்கச் சுகம், சுட வலி: மேலே போட்ட கணக்கில் 700-க்குப் பதில் 500 போட்டால் உதைப்பு 1.9 ஜூல் ஆகிறது. இஷாப்பூரின் 'நிடர்' இன்னும் சின்னது, 250 கிராம், .22. விளிம்பில் மருந்து வைத்த .22 தோட்டா வெடிக்காமல் போவது மற்றதை விட அதிகம், உயிரை அதை நம்பி வைக்க எனக்கு மனசு வராது. 2023-ல் வந்த 'பிரபல்' 700 கிராம், 76 மி.மீ. குழல், சுழலறை பக்கவாட்டில் திறக்கும். வாங்கியே தீருவேன் என்கிறவருக்கு அந்த எடை வகைதான் என் ஓட்டு. 50 மீட்டர் வரை போகும் என்ற பெருமையை மறந்துவிடுங்கள். 50 மீட்டர் தள்ளி நிற்கிறவனைச் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று கோர்ட்டில் சொல்லிப் பாருங்கள்.

அந்தக் கோர்ட் விஷயம் காலிபரை விட முக்கியம். இ.பி.கோ. 96 முதல் 106 வரை இருந்த தற்காப்பு உரிமை 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. தேவைக்கு மேல் ஒரு துளி அதிகத் தீங்கும் கூடாது. போலீஸை அழைக்க அவகாசம் இருந்தால் உரிமை இல்லை. சாவு வரைக்கும் போகலாம் என்பதற்குத் தனிப் பட்டியல். சொத்தைப் பொறுத்தவரை கொள்ளை, சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் நடுவில் வீடு உடைத்தல் போன்றவை அதில் வரும். பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் எந்தப் பிரிவும் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோழைத்தனமாக ஓட வேண்டியதில்லை என்றும் சொன்னது, பழிவாங்கும் உரிமை இல்லை என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இனி தினசரி சுமப்பது. பொது இடத்தில் உறைக்குள் போட்டு, முழுக்க மூடி, கைக்கெட்டும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், எடுத்துக் காட்டுவதே குற்றம். அண்ணன் கட்டுவது வேட்டி. முக்கால் கிலோ இரும்பை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு காரைக்குடி வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டுவதை நினைத்து இரண்டு பேரும் சிரித்தோம். கொப்புடையம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்துக்கு அதோடு போக முடியாது. கல்யாண வீட்டுக்கு வெளியே வண்டிப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனால், அதைவிட வேறு யாருக்கும் நல்ல பரிசு கொடுக்க முடியாது. உண்மையில் அவர் கடையிலிருந்து வீடு வரும் அந்த இருபது நிமிஷத்துக்கு, சாவியை ஒரு ஆளும் புத்தகத்தை இன்னொரு ஆளும் எடுத்துப் போவதும், தினமும் வேறு நேரத்தில் கிளம்புவதும் அதிகம் உதவும். வீட்டுக்கோ, நம் முன்னோர் பர்மாத் தேக்கில் அறைந்த கதவும் ஜன்னல் கம்பியும் இன்னும் கல்லு மாதிரி நிற்கின்றன. ஓட்டை பின்கட்டுக் கதவில்தான், அதற்கு ஆசாரியும் ஒரு கேமராவும் போதும். மொத்தம் ரிவால்வர் விலையில் பாதிகூட ஆகாது.

விண்ணப்பம் போடுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு, தொழிலின் தன்மையால் பாதுகாப்பு தேவைப்படுகிறவர் என்று விதியில் சொல்லும் வகைக்குள் அவர் வருகிறார். போட்டாலும் கிடைப்பது சுலபமில்லை. 2016 கடைசியில் நாட்டில் இருந்த சுமார் 33.7 லட்சம் லைசென்ஸில் உத்தரப் பிரதேசத்துக்கு மட்டும் 12.77 லட்சம், தமிழ்நாட்டுக்குச் சுமார் 22,500. தாசில்தார், ஆர்.டி.ஓ., போலீஸ் என்று ஒவ்வொரு மேசையாக ஃபைல் நகர வேண்டும். கிடைத்த பிறகும் ஒன்று இருக்கிறது. தேர்தல் தேதி அறிவித்ததும் ஸ்டேஷனிலிருந்து போன் வரும், துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும், முடிவு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பக் கிடைக்கும். அதே நாட்களில்தான் பறக்கும் படை 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருப்பவரை நிறுத்திக் கணக்குக் கேட்கும். அடகுக்கடைக்காரர் அப்போது பணத்துக்கான சீட்டை ஒரு பையிலும் துப்பாக்கிக்கான ரசீதை இன்னொரு பையிலும் வைத்துக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும்.